கைமுறுக்கை வைத்து ஒரு பிரெஞ்சுச் சொல்லின் வேரைத் தேடுவது எப்படி?

பிரெஞ்சில் எலீஸ், ஸ்பானியத்தில் எலிஸே, இத்தாலியத்தில் எலிகா. விமானத்தின் மூக்கிலும் கப்பலின் பின்னாலும் சுழலுமே, அந்தக் காத்தாடிக்கும் இதுதான் பெயர், ஸ்க்ரூவில் சுற்றிச் சுற்றி ஏறும் மரையின் வளைவுக்கும் இதுதான் பெயர். ரெண்டு பொருளையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், மறந்துபோகும்.

முதலில் எங்கள் காரைக்குடிப் பக்கத்துக் கைமுறுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆச்சி மாவை விரலால் திருகித் திருகித்தான் சுற்றுவார். மேலிருந்து பார்த்தால் தட்டையான சுருள், ஆனால் ஒரு இழையை மட்டும் கிட்டத்தில் பார்த்தால் கயிறு மாதிரி முறுக்கேறியிருக்கும். கணக்கு வாத்தியார் எலீஸ் என்று சொல்வது அந்த இழையின் முறுக்கைத்தான். தட்டைச் சுருளுக்கு ஸ்பிரால் என்று வேறு சொல் இருக்கிறது.

அப்புறம் லத்தீனுக்குப் போங்கள். அங்கே ஹெலிக்ஸ். கடைசி 'க்ஸ்' எங்கே போனது என்று குழம்ப வேண்டாம். 'மரம்' என்பது 'மரத்தை' ஆவதுபோல அது வேற்றுமை ஏறினால் ஹெலிகெம் ஆகிவிடும், பின்னால் வந்த மொழிகள் பெரும்பாலும் அந்த வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டன. லத்தீன் வேர் தேடும்போதெல்லாம் இதைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

லத்தீனுக்கு அது கிரேக்கம் கொடுத்த சொல். சுற்றிக்கொள்வது எதுவும் அதில் அடங்கும்: பழைய ரோமானிய எழுத்தாளர் ப்ளினி ஒரு வகை ஐவிக் கொடியை அப்படிச் சொன்னார், ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் கொரிந்தியத் தூணின் (தலையில் இலை செதுக்கிய கிரேக்கப் பாணித் தூண்) உச்சியில் இருக்கும் சின்னச் சுருள்களைச் சொன்னார். கானாடுகாத்தான் தெருவில் நடக்கும்போது அந்த மாதிரித் தூண் வைத்த முகப்பு கண்ணில் பட்டால் கொஞ்சம் நின்று அண்ணாந்து பாருங்கள், இலைகளுக்கு மேலே சுருண்டிருக்கும்.

சரி, காத்தாடிக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? இங்கேதான் பொருள் வந்த வரிசையைப் பார்க்க வேண்டும். சுருள் முதலில், காத்தாடி ரொம்பப் பின்னால். கப்பலைத் தள்ள முதலில் செய்து பார்த்தவற்றில் சில நிஜமாகவே நீளமான திருகுகள். இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் 1836-இல் காப்புரிமை வாங்கியது அப்படி ஒரு மரத்திருகுக்குத்தான். ரெண்டு சுற்று உள்ள அது வெள்ளோட்டத்தில் பாதி உடைந்துபோக, படகு முன்பைவிட வேகமாகப் போனது. போகப் போகத் திருகு குட்டையாகித் தகடாகிவிட்டது, பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கடைசியாக, கற்றதைச் சோதிக்க ஹெலிகாப்டரைப் பிரித்துப் பாருங்கள். ஹெலி, காப்டர் என்று வெட்டக் கூடாது. 1861-இல் பிரெஞ்சுக்காரர் பொன்தோன் தாமெகூர் அந்தச் சொல்லைக் கட்டியது ஹெலிகோ, ப்டெரோன் என்ற ரெண்டு கிரேக்கத் துண்டுகளை வைத்து: திருகு, இறக்கை.