கடற்படைப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு: அமைப்பதும் நடத்துவதும்

பிள்ளையைச் சில்காவுக்கு ரயிலேற்றிவிட்ட பிறகு வரும் முதல் சில வாரங்கள்தான் பெற்றோருக்கு மிகக் கடினம். ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரையில் இருக்கும் ஐ.என்.எஸ். சில்காவில்தான் கடற்படை அக்னிவீரர்களுக்கு (4 ஆண்டுப் பணிக்குச் சேரும் இளைஞர்களுக்கு) ஆரம்பப் பயிற்சி, ஏறக்குறைய 16 வாரம். அங்கே கைபேசி எந்நேரமும் கையில் இருக்காது. அனுமதி கிடைக்கும்போது சில நிமிடம் பேசுவார்கள், அவ்வளவுதான். பிறகு கப்பலில் போஸ்டிங் ஆனால், கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போய்விடும். வாரக்கணக்கில் போன் வராது. இதே காத்திருப்பில் இருக்கும் இன்னொரு அம்மாவோடும் அப்பாவோடும் பேசக் கிடைத்தால் பாதி பாரம் குறையும். அதற்குத்தான் குழு.

பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று துப்புத் துலக்குவது குழுவின் வேலையே இல்லை. பெற்றோரின் மனதைத் தாங்குவதுதான் வேலை. இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டால் கீழே வரும் விதிகள் எதையும் திணிக்க வேண்டியிருக்காது.

யாரைச் சேர்ப்பது

வாட்ஸ்அப் ஒரு குழுவில் 1,024 பேர் வரை அனுமதிக்கிறது. நீங்கள் 40 பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் யார் யாருடைய அம்மா என்பதே தெரியாமல் போகும். முகம் தெரியாத நால்வர் உள்ளே இருந்தாலே மனம்விட்டு எழுதுவது நின்றுவிடும்.

சேர விரும்புபவரிடம் அழைப்புக் கடிதத்தையோ அடையாள அட்டையையோ படமெடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். சரிபார்க்கிறோம் என்று ஆரம்பித்து, 40 பிள்ளைகளின் ஆவணங்களை ஒரே கைபேசியில் குவித்துவைப்பதில் போய் முடியும். அட்மின் ஒருவர் வீடியோ காலில் பத்து நிமிடம் பேசினாலே போதும். எந்த மாவட்டம், எந்த மாதம் கிளம்பினார்கள், மருத்துவப் பரிசோதனை எப்படி நடந்தது என்று சாதாரணமாகப் பேச்சுக் கொடுங்கள். உண்மையான பெற்றோர் கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்கள். பொய்யாக வருபவர் உங்களிடம்தான் கேள்வி கேட்பார்.

பயிற்சி அகாடமி நடத்துபவர்கள், தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், 'நேவியில் எனக்கு ஆள் தெரியும்' என்பவர்கள் யாருக்கும் இடமில்லை. படிக்கும் பிள்ளைகளுக்கு உதவ ஆசை இருந்தால் அதற்குத் தனிக் குழு வையுங்கள்.

குழுவின் பெயரில் கடற்படைத் தளத்தின் பெயரோ பேட்ச் எண்ணோ வேண்டாம். 'வைகை குடும்பம்' போல ஒரு பெயர் போதும். முகப்புப் படத்தில் போர்க்கப்பலும் வேண்டாம்.

செட்டிங்கில் செய்ய வேண்டியவை

அட்மின் இருவர் வேண்டும், வெவ்வேறு வீட்டுக்காரர்களாக. ஒருவர் தூங்கும் நேரத்தில் இன்னொருவர் பார்க்க முடியவேண்டும்.

குரூப் பெர்மிஷன்ஸ் பகுதிக்குப் போய், புதியவர்களை அட்மின் அனுமதித்த பிறகே சேர்க்கும் வசதியை இயக்குங்கள். உறுப்பினர்கள் தாங்களாகவே ஆள் சேர்க்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அழைப்பு லிங்க்கைப் பொது இடங்களில் போடவே கூடாது. ஒருவருக்கு அனுப்பி அவர் சேர்ந்ததும் ரீசெட் செய்யுங்கள். 2020 பிப்ரவரியில் ஏராளமான குழுக்களின் அழைப்பு லிங்க்குகள் கூகுள் தேடலிலேயே கிடைத்தது நினைவிருக்கட்டும்.

மறையும் செய்திகளை 7 நாளுக்கு வையுங்கள். சாட்டை ஏற்றுமதி செய்வதைத் தடுக்கும் அட்வான்ஸ்டு சாட் பிரைவசியையும் இயக்குங்கள். இவை இரண்டும் ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்காது என்பதை உறுப்பினர்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஒவ்வொருவரும் தங்கள் கைபேசியில் இந்தக் குழுவுக்கு மீடியா விசிபிலிட்டியை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் குழுவில் வரும் படங்கள் கேலரியில் இறங்கி, அங்கிருந்து பேரக்குழந்தை கையிலும் கூகுள் போட்டோஸிலும் போய் உட்காரும். படங்களை டாகுமென்டாக அனுப்பவேண்டாம். சாதாரணப் படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் இடக்குறிப்பை நீக்கிவிடுகிறது, டாகுமென்டாக அனுப்பினால் எடுத்த இடம் அப்படியே கூடவே போகும்.

பின் செய்யும் செய்தி, அதாவது சாட்டின் உச்சியில் நிறுத்திவைக்கும் செய்தி, மூன்று வரை வைக்கலாம், அதிகபட்சம் 30 நாள். ஆனால் மறையும் செய்திகளை 7 நாளுக்கு வைத்திருந்தால் பின் செய்த செய்தியும் அதோடு மறைந்துவிடும்; அதனால் வாரம் ஒருமுறை மறுபடி அனுப்பிப் பின் செய்யவேண்டும். இதை மறந்துவிட்டுத்தான் பல குழுக்களில் விதிகளே காணாமல் போகின்றன.

எழுதக்கூடாதவை

தனித்தனியாகப் பார்த்தால் யாரும் ரகசியம் சொல்வதில்லை. ஒரு அம்மா, 'பையன் நாளைக்குக் கிளம்புறானாம், ஒரு மாசம் போன் இருக்காதாம்' என்று எழுதுவார். இன்னொருவர், 'என் பையனும் அதே ஷிப்தான்' என்பார். போன வாரம் மூன்றாமவர் அந்தக் கப்பலின் பெயரை எழுதியிருப்பார். நான்காமவர், 'அதனாலதான் கொச்சியில ரூம் காலி பண்ணச் சொன்னாங்களா' என்று கேட்பார். பாசத்தில் எழுதிய நாலு வரிதான். சேர்த்துப் படித்தால் ஒரு போர்க்கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து எப்போது கிளம்பி எவ்வளவு நாள் கடலில் இருக்கும் என்ற கணக்கு கிடைத்துவிடுகிறது.

2019 டிசம்பரில் கடற்படையைச் சேர்ந்த 7 பேரை ஆந்திரப் போலீஸ் உளவு வழக்கில் கைது செய்தது. சமூக வலைதளப் பழக்கம் வழியாகத்தான் அவர்கள் வலையில் விழுந்ததாக வழக்கு. அந்த மாதமே தளங்களிலும் கப்பல்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் சமூக வலைதளங்களுக்கும் கடற்படை தடை போட்டது. பிள்ளைக்கே இல்லாத அனுமதியை அப்பாவின் கைபேசி எடுத்துக்கொள்ள முடியாது. விசாரணை என்று வந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் பிள்ளைதான்.

ஆகவே இவற்றை எழுதவே வேண்டாம்: கப்பலின் பெயர், துறைமுகம், கிளம்பும் நாள், திரும்பும் நாள், கூட எத்தனை பேர், எந்த இயந்திரத்தில் வேலை, என்ன பழுது, எதற்குத் தட்டுப்பாடு. விடுமுறைக்கு வரும் ரயிலின் பெயரும் தேதியும் வேண்டாம். பெயர்ப்பட்டை தெரியும் சீருடைப் படம், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, தளத்துக்குள் எடுத்த வீடியோ எதுவும் வேண்டாம். சீருடைப் படம் வெளியே போனால் வேறொரு ஆபத்தும் உண்டு. அதே முகத்தை வைத்து, 'ராணுவத்தில் இருக்கிறேன், பைக் விற்கிறேன்' என்று மோசடிக் கணக்கு தொடங்குவார்கள்.

தடை மட்டும் போட்டால் மக்கள் வாயடைத்துப் போவார்கள். எப்படி எழுதலாம் என்றும் காட்டுங்கள். 'கொச்சியிலிருந்து போன் பண்ணினான், வெள்ளிக்கிழமை கிளம்புறாங்க' என்பதை, 'இன்னைக்குப் பேசினான், நல்லா இருக்கான்' என்று எழுதலாம். 'பத்தாம் தேதி கப்பல் வருது' என்பதை, 'போன் வந்துச்சு, வயித்துல பால் வார்த்தாப்பல இருக்கு' என்று எழுதலாம். நடந்து முடிந்ததை மட்டும், இடமும் நாளும் இல்லாமல்.

யாராவது தவறி எழுதிவிட்டால் அட்மின் உடனே அதை எல்லோருக்கும் நீக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் அட்மினுக்கு அந்த வசதி இருக்கிறது. பிறகு அவரைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். குழுவில் வைத்துக் கண்டித்தால் அந்த அம்மா அதற்குப் பிறகு அழுகை வந்தால்கூட எழுதமாட்டார்.

கடிதம் அனுப்பும் முகவரியைப் பிள்ளை சொன்னபடியே எழுதுங்கள். கப்பலுக்குப் போகும் கடிதங்கள் கடற்படையின் தபால் அலுவலகமான ஃப்ளீட் மெயில் ஆபீஸ் வழியாகப் போவதால் கப்பல் எங்கே நிற்கிறது என்று நமக்குத் தெரியவேண்டிய தேவையே இல்லை. அந்த முகவரியும் குழுவுக்கு வரவேண்டாம்.

போன் வராத நாட்களும் முதல் போனும்

போன் வராவிட்டால் அது சாதாரண நிலைதான் என்பதை முதல் பின் செய்தியாகவே வையுங்கள். 'உங்க பையன் பேசினானா?' என்று தினமும் குழுவில் கேட்பதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். பத்துப் பேர் 'பேசினான்' என்று எழுதினால் பதினோராவது அம்மாவுக்கு அன்று தூக்கம் போய்விடும். அதற்குப் பதிலாக, தாங்கமுடியாத இரவில் யாரை அழைக்கலாம் என்று வாரத்துக்கு இருவர் பெயரைப் போட்டுவையுங்கள். எழுதுவதைவிடக் குரல் கேட்பது நல்லது.

முதல் போனில் பல பிள்ளைகள் அழுவார்கள், 'வந்துடறேம்மா' என்பார்கள். உடல் களைப்பும் ஊர் ஏக்கமும் சேரும்போது வரும் பேச்சு இது. 'சரி வந்துடு' என்றும் சொல்லவேண்டாம், 'மானம் போயிடும்' என்றும் சொல்லவேண்டாம். சாப்பிட்டாயா, காலில் கொப்புளம் இருக்கிறதா, ஏதாவது சான்றிதழ் வேண்டுமா என்று மூன்று கேள்வியைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சண்டை, கடன், தாத்தாவின் காய்ச்சல் எதையும் அந்த மூன்று நிமிடத்தில் கொட்டவேண்டாம்.

உயிரை விடுவது பற்றிப் பிள்ளை பேசினால் அது குழுவில் கேட்கும் விஷயம் இல்லை. கடற்படையில் ஒவ்வொருவருக்கும் அவரைக் கவனித்துக்கொள்ள ஒரு டிவிஷனல் ஆபீசர் உண்டு; அவரிடம் உடனே சொல்லும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள், நீங்களும் தளத்தோடு தொடர்புகொள்ளுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். பெற்றோருக்கும் அந்த எண் பொருந்தும்.

சில்காவில் இறுதி மருத்துவப் பரிசோதனை உண்டு. அதில் தகுதியில்லை என்று திரும்பி வரும் பிள்ளைகளும் உண்டு. அந்தப் பெற்றோரைக் குழுவிலிருந்து சட்டென்று நீக்காதீர்கள். இருப்பதா போவதா என்பதை அவர்களே சொல்லட்டும். அந்த வாரம் கொண்டாட்டப் படங்களைக் குறைத்துக்கொள்வது மரியாதை.

டிவியில் செய்தி ஓடும்போது

விபத்து, எல்லைப் பதற்றம் என்று செய்தி வந்தால் குழு அரைமணியில் கொதிக்கும். அட்மின் முதலில் அட்மின் மட்டும் எழுதும் நிலைக்கு மாற்றி, ஒரே ஒரு செய்தியைப் பின் செய்யவேண்டும்: 'கடற்படையின் அதிகாரபூர்வ எக்ஸ் பக்கமும் மத்திய அரசின் செய்திப் பிரிவான பிஐபியும் சொல்வதை மட்டும் நம்புவோம். கப்பல் பெயர் யாரும் எழுதவேண்டாம். பேசவேண்டுமென்றால் எங்கள் இருவரையும் அழையுங்கள்.' மூன்று நான்கு மணி நேரம் கழித்துத் திறந்தால் போதும். 2025 ஏப்ரல் 26 அன்று, பாதுகாப்புப் படைகளின் நகர்வுகளை நேரலையில் காட்டவேண்டாம் என்று ஊடகங்களுக்கே மத்திய அரசு அறிவுறுத்தியது. குடும்பக் குழுவுக்கும் அதே கட்டுப்பாடு வேண்டும்.

ஏதாவது நேர்ந்தால், கடற்படைப் பதிவில் இருக்கும் நெருங்கிய உறவினருக்கு நேரடியாகத் தகவல் வரும். அதனால் பதிவில் கொடுத்த எண் எப்போதும் வேலை செய்யவேண்டும். சிம் மாற்றினால் அன்றே பிள்ளையிடம் சொல்லிப் பதிவில் திருத்தச் சொல்லுங்கள்.

பணம் கேட்டு வரும் அழைப்பு

'உங்க பையனுக்குக் கால் முறிஞ்சிருச்சு, ஆபரேஷனுக்கு உடனே பணம் அனுப்புங்க' என்று இந்தியிலோ அரைகுறைத் தமிழிலோ அழைப்பு வரும். பணியில் இருப்பவருக்குச் சிகிச்சை கடற்படை மருத்துவமனையில் இலவசம். பெற்றோரிடம் யாரும் பணம் கேட்பதில்லை. நல்ல போஸ்டிங் வாங்கித் தருகிறேன் என்பதும் மோசடிதான். பணம் போய்விட்டால் முதல் வேலையாகச் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் வேறு கணக்குகளுக்கு நகரும்.

சம்பளம் குறைந்து வருகிறதே என்ற கேள்வி எல்லாக் குழுவிலும் வரும். முதல் ஆண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாயில் 30 சதவீதம், அதாவது 9,000, பணி முடியும்போது மொத்தமாகத் தரும் சேவா நிதிக்குப் போகும், கையில் 21,000. பிடிக்கும் அளவு அரசும் போடும். 4 ஆண்டு முடிவில் வட்டி நீங்கலாகச் சுமார் 10.04 லட்சம். இதையும் பின் செய்துவையுங்கள்.

சில்கா முடிந்த பிறகு

பயிற்சி நிறைவு அணிவகுப்பைப் பார்க்கப் போகிறவர்கள் அழைப்பு உறுதியாகும்வரை டிக்கெட் போடவேண்டாம். சில்காவுக்குப் பக்கத்து ரயில் நிலையமான பாலுகாவ் சென்னை - ஹவுரா பாதையில் இருக்கிறது, ஆனால் எல்லா விரைவு வண்டியும் அங்கே நிற்காது. பிரம்மபூரிலோ குர்தா ரோட்டிலோ இறங்கிப் போகலாம். தேதி பிந்தித் தெரிந்தால் தட்கல்தான்: முந்தைய நாள் காலை ஏசிக்கு 10 மணி, மற்றதற்கு 11 மணி.

ஆரம்பப் பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் அடுத்த கட்டப் பயிற்சிக்கு லோனாவாலாவுக்கும் ஜாம்நகருக்கும் கொச்சிக்கும் பிரிந்து போவார்கள். அப்போது, 'நம்ம ஷிப் பெற்றோர்' என்று கப்பல் வாரியாகக் குழு பிரிக்கும் ஆசை கட்டாயம் வரும். அதைச் செய்யவே செய்யாதீர்கள். அப்படி ஒரு குழு இருந்தால் அதன் உறுப்பினர் பட்டியலே தகவல்தான்; உள்ளே யாரும் ஒன்றும் எழுதவேண்டியதில்லை. மதுரை, ராமநாதபுரம், வேலூர் என்று ஊர் வாரியாகப் பிரியுங்கள். கூப்பிடு தூரத்தில் இருப்பவர் ஆஸ்பத்திரிக்குக் கூட வருவார், கல்யாணத்துக்கும் வருவார்.

பழைய குழுவை அப்படியே போட்டுவைக்கக் கூடாது. ஒரு வாரம் முன்பே அறிவித்து, வேண்டிய எண்களை எல்லோரும் சேமித்த பிறகு, லிங்க்கை ரீசெட் செய்து, உறுப்பினர்களை ஒவ்வொருவராக நீக்கி, கடைசியில் அட்மின்களும் வெளியேறி, அவரவர் கைபேசியில் சாட்டை அழித்துவிடுங்கள்.