போன இளமையைப் பாட்டாக்கும்போது செய்யக்கூடாதவை

இளமை போய்விட்டதே என்று பாட்டெழுத உட்காருகிறவர்களில் பலர் முதல் வரியிலேயே அழுதுவிடுகிறார்கள். ஏக்கம், கண்ணீர், திரும்பி வராத நாட்கள் என்று சொற்கள் வந்து விழுகின்றன. எதைத் தொலைத்தார்கள் என்பது மட்டும் வருவதில்லை. இந்த ஒரு தவறைத் திருத்தினாலே பாதிப் பாட்டு தேறிவிடும்.

புறநானூற்றின் 243ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவரின் இயற்பெயர் தெரியாததால், பாட்டில் வரும் தொடரைக் கொண்டே அவரைத் தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம். பூண் போட்ட ஊன்றுகோலைப் பிடித்து நிற்கும் கிழவர் அவர். நினைத்தால் இரக்கமாக இருக்கிறது என்றுதான் அவரும் தொடங்குகிறார். ஆனால் அடுத்த சொல்லே மணல். அந்த மணலில் பாவை செய்து பூச்சூட்டியதைச் சொல்கிறார். நீர்மேல் சாய்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் வியக்கத் துடுமென்று குதித்ததையும், மூழ்கி அடிமணலை அள்ளி வந்ததையும் சொல்கிறார். பிறகுதான் இன்றைய நடுக்கம், இருமலுக்கு நடுவே வரும் சில சொற்கள். உங்கள் பாட்டிலும் இப்படி ஒரு பிடி மணல் வேண்டும். அது கிடைக்கும்வரை மெட்டுக்குப் போகாதீர்கள்.

மெட்டில், சோகம் என்றதும் சிவரஞ்சனி ராகத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை இழுப்பது வழக்கமாகிவிட்டது. மோகன ராகத்தின் காந்தாரத்தை, அதாவது ‘க’ சுரத்தை, ஒரு படி இறக்கினால் கிடைப்பதுதான் சிவரஞ்சனி. குளத்தில் குதித்த நாட்களை மோகனத்திலேயே துள்ளவிட்டு, கிழவர் பேசும் இடத்தில் அந்த ஒரு சுரத்தை மட்டும் இறக்கிப் பாருங்கள். கேட்பவர் நெஞ்சு தானாகக் கனக்கும்.

குறிலை நீட்டுவது எனக்குப் பொறுக்காத தவறு. ‘பள்ளி விடும் நேரம்’ என்று எழுதி, ‘வி’யின் மேல் தாளத்தில் நான்கு எண்ணிக்கை நின்றால் காதில் ‘வீடும்’ என்றே விழும். நீளும் இடத்தில் நெடில் வரும் சொல்லை வையுங்கள், இல்லையென்றால் மெட்டை மாற்றுங்கள். எந்தச் சுருதியில் பாடுவது என்ற கட்டையை முடிவு செய்யும்போது, முணுமுணுக்க வசதியாக இருக்கும் பல்லவியை நம்பாமல் சரணத்தின் உச்ச சுரத்தைப் பாடிப் பாருங்கள்.

இனி ஒலிப்பதிவு. பள்ளி, பருவம், பால்யம், பிரிவு என்று இவ்வகைப் பாட்டில் பகரத்துக்குக் குறைவே இருக்காது. மைக்கை வாய்க்கு நேரே வைத்தால் ஒவ்வொரு ‘ப’வும் காற்றாக வந்து அறையும். ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், பாடுபவருக்குப் பின்னால் பஞ்சு மெத்தையை நிறுத்தி வையுங்கள். நினைவைச் சொல்லும் பாட்டு என்பதற்காக எதிரொலிக்கும் கூடத்தில் பதிய வேண்டாம். எதிரொலியைப் பிறகு சேர்க்கலாம், குரலோடு பதிந்துவிட்டதைப் பிரிப்பது பெரும்பாடு. சுருதி திருத்தும் மென்பொருளை முழு வேகத்தில் ஓடவிட்டால் கமகங்கள், அதாவது சுரத்துக்குச் சுரம் குரல் வழுக்கும் அசைவுகள், படிக்கட்டாக உடைந்துவிடும். பிசகிய சுரத்தை மட்டும் தொடுங்கள்.

மூச்சையும் வெட்டாதீர்கள். ஒருமுறை நான் பதிந்த பாட்டில், சரணத்துக்கு முன் பாடகர் இழுத்த மூச்சுகளை எல்லாம் நீக்கினேன். குரல் பளிச்சென்று இருந்தது, ஆனால் பாடியவருக்கு வயதே இல்லாமல் போயிற்று. அன்றிரவே உட்கார்ந்து, நீக்கிய மூச்சு ஒவ்வொன்றையும் தேடி எடுத்து அதனதன் இடத்தில் ஒட்டினேன்.