பழுது பார்த்த எஸ்.யு. பெட்ரோல் பம்ப் மக்கர் செய்கிறதா? சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்

பழைய பிரிட்டிஷ் காரான மோரிஸ் மைனரின் பானெட்டைத் திறந்தால் பின்சுவரில், கறுப்புத் தொப்பி போட்ட உருளை போல ஒன்று தெரியும். அதுதான் எஸ்.யு. கம்பெனியின் எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப். புது டயாபிரம் (முன்னும் பின்னும் அசைந்து பெட்ரோலை இழுத்துத் தள்ளும் சவ்வு), புது பாயிண்ட் (கரண்ட்டைச் சேர்த்துப் பிரிக்கும் முனைகள்) எல்லாம் போட்டு மாட்டிய பிறகும் வண்டி நடுரோட்டில் நின்றால், அடுத்து வரும் வசனம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "பம்ப் வேலை சரியில்லை சார், திரும்பக் கழட்டணும்." அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். பெரும்பாலும் கோளாறு பம்புக்கு வெளியேதான் இருக்கும். (ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, பியட் 1100 வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் இன்ஜினே ஓட்டும் மெக்கானிக்கல் பம்ப்.)

பம்ப் வேலை செய்யும் விதம் சுலபம். சாவியைப் போட்டதும் பாயிண்ட் வழியாகக் காயிலுக்குக் கரண்ட் போகும். காயில் காந்தமாகி டயாபிரத்தை இழுக்கும். டேங்கிலிருந்து பெட்ரோல் வரும். இழுப்பின் முடிவில் பாயிண்ட் டக்கென்று விலகும், கரண்ட் நிற்கும். உடனே ஸ்பிரிங் டயாபிரத்தைத் தள்ள, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகும். பிறகு பாயிண்ட் மறுபடி சேரும். கார்புரேட்டர் நிறைந்து, அதன் வாயிலில் உள்ள நீடில் வால்வு மூடிக்கொண்டால், தள்ள இடமில்லாமல் பம்ப் தானாகவே நிற்கும்.

வேலைக்கு வேண்டியவை: 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், இரண்டு ஸ்பானர், ஒரு கண்ணாடி பாட்டில், பெட்ரோல் தாங்கும் ரப்பர் ஹோஸ் கொஞ்சம். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். பெட்ரோல் இணைப்பைக் கழற்றும் முன் பாட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோலை வாயால் உறிஞ்சும் பழக்கம் நம் ஊர் ஒர்க்ஷாப்பில் சகஜம். அது நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.

முதலில் காதைக் கொடுங்கள்

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடுங்கள். பம்ப் வேகமாக டக் டக் என்று அடித்து, மெதுவாகி, நின்றுவிட்டால் நல்லது. மற்ற எல்லாம் ஏதோ ஒரு கோளாறைச் சொல்கிறது.

சத்தமே இல்லையா?

முதலில் சாவியை அணையுங்கள். பாயிண்ட் சேர்ந்த நிலையில் பம்ப் மாட்டிக்கொண்டிருந்தால் காயிலில் விடாமல் கரண்ட் ஓடிச் சூடேறி எரிந்துபோகும். அப்புறம் கார்புரேட்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி பாட்டிலுக்குள் விட்டு, பாட்டரி ஒயரை மாட்டி, மறுபடி சாவியைப் போடுங்கள். இப்போது பம்ப் ஓடினால் குற்றவாளி பம்ப் இல்லை. நீடில் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது அந்தப் பக்கம் எங்கோ அடைப்பு.

அப்போதும் ஓடவில்லை என்றால் டெஸ்ட் லாம்ப்பை எடுங்கள். பம்புக்கு வரும் ஒயரில் லாம்ப் பிரகாசமாக எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் ஒயரிலோ டெர்மினலிலோ துரு. கடல் காற்று அடிக்கும் பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் வண்டி நிற்குமானால் இதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். லாம்ப் நன்றாக எரிந்தால், அடுத்தது எர்த், அதாவது பம்பிலிருந்து கரண்ட் வண்டியின் பாடி வழியாகப் பாட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. பழுது பார்த்த பம்ப்பை அழகாகப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பார்கள். எர்த் திருகின் அடியிலும் அந்தப் பெயிண்ட் இருந்தால் கரண்ட் எப்படித் திரும்பிப் போகும்? அந்த இடத்தில் மட்டும் உலோகம் தெரியச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள்.

அதுவும் சரியென்றால் தொப்பியைக் கழற்றிப் பாயிண்ட்டைப் பாருங்கள். விசிட்டிங் கார்டைக் கீற்றாக வெட்டி, இரண்டு பாயிண்ட்டுக்கும் நடுவில் வைத்து இழுத்தால் போதும். எமரி பேப்பர் வேண்டாம், அதன் தூள் உள்ளேயே தங்கிவிடும்.

இன்னொன்று, தொழிற்சாலையிலிருந்து இந்த வண்டிகள் பாசிட்டிவ் எர்த்தோடுதான், அதாவது பாட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்துதான், வந்தன. வெறும் காயிலும் பாயிண்ட்டும் உள்ள பம்புக்கு எந்தப் பக்கம் எர்த் ஆனாலும் கவலையில்லை. ஆனால் உள்ளே டயோடோ எலக்ட்ரானிக் போர்டோ வைத்திருந்தால், பாசிட்டிவ், நெகட்டிவ்வை மாற்றிக் கொடுத்த உடனே அது காலி. பழுது பார்த்தவரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விடாமல் வேகமாக அடிக்கிறது, பெட்ரோல் ஏறவில்லை

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதல்லவா? சிரிக்காதீர்கள், பழைய வண்டியின் கேஜை நம்ப முடியாது.

இருந்தால், பம்ப் காற்றை இழுக்கிறது. புதிதாகக் கற்பவர்கள் ஏமாறும் இடம் இது. டேங்க் பின்னால், பம்ப் முன்னால். நடுவில் உள்ள நீளக் குழாய் முழுக்க உறிஞ்சும் பக்கம் என்பதால், விரிசல் இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஈரம் தேடிப் பயனில்லை. வெளியேறும் குழாயின் நுனியைப் பாட்டிலில் உள்ள பெட்ரோலுக்குள் முக்கிப் பம்ப்பை ஓட்டுங்கள். குமிழி நிற்காமல் வந்தால் காற்று நுழைவது உறுதி. இப்போது வண்டியின் குழாயைக் கழற்றிவிட்டு, பம்பின் உள்வாயிலிலிருந்து ஒரு ஹோஸை நேராகப் பெட்ரோல் பாட்டிலுக்குள் விடுங்கள். குமிழி நின்றால் கோளாறு வண்டிக் குழாயில். நிற்கவில்லை என்றால் பம்பில்தான், பெரும்பாலும் வாஷரில். புது ஃபைபர் வாஷர் போடுங்கள். டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம், அதன் துணுக்கு வால்வுக்கு அடியில் போய் உட்கார்ந்தாலும் இதே சத்தம்தான் கேட்கும்.

வண்டி சூடான பிறகு மட்டும், அதுவும் அக்னி நட்சத்திர மதியத்தில் கத்திப்பாரா நெரிசலில் இப்படி அடித்தால், அது குழாயில் பெட்ரோல் ஆவியாவது. எக்ஸாஸ்ட் பக்கமாகப் போகும் குழாயைத் தள்ளி வையுங்கள். அம்பாசிடர்க்காரர்கள் மெக்கானிக்கல் பம்பில் ஈரத்துணி சுற்றும் வைத்தியம் டெர்மினல் உள்ள இந்தப் பம்புக்கு ஆகாது.

மெதுவாக, சிரமப்பட்டு அடித்து, பம்பும் சுட்டால்

உறிஞ்சும் பக்கம் அடைப்பு. டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உடனே சரியானால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் ஃபில்டர். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய டேங்கில் படிந்த பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

கார்புரேட்டர் நிறைந்தும் நிற்காமல் அடித்தால் நீடில் வால்வு மூடவில்லை, அல்லது பம்பின் வால்வு கசிகிறது. கார்புரேட்டர் வழிகிறதா என்று பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகுதான் பம்ப்பைப் பிரிக்க வேண்டும்

பல வருடம் கடையில் கிடந்த ரிப்பேர் கிட்டாக (உதிரி பாகங்களின் தொகுப்பு) இருந்தால் டயாபிரம் விறைத்திருக்கும். எத்தனால் தாங்கும் புது டயாபிரம் கேட்டு வாங்குங்கள். பழைய மாடலில் டயாபிரத்தைச் சுற்றி 11 பித்தளை உருளைகள் இருக்கும். தட்டின் மேல் வைத்துப் பிரித்தால் கட்டிலுக்கு அடியில் தேட வேண்டியதில்லை.

அட்ஜஸ்ட்மென்ட்டில்தான் பல பழுதுகள் கெடுகின்றன. டயாபிரத்தைத் திருகி உள்ளே விட்டுக்கொண்டே போங்கள். அழுத்தினாலும் பாயிண்ட் டக்கென்று தாவி விலகாத நிலை வரும். அங்கிருந்து, விளிம்பில் உள்ள திருகுத் துளைகளைக் கணக்காக வைத்து, ஒவ்வொரு துளையாக வெளியே திருப்பி, கட்டைவிரலால் சீராக அழுத்திப் பாருங்கள். பாயிண்ட் சரியாகத் தாவத் தொடங்கும் இடத்திலிருந்து இன்னும் 4 துளை, அதாவது மூன்றில் இரண்டு சுற்று, வெளியே திருப்பி நிறுத்துங்கள்.

மூடியதும் நேராக வண்டியில் மாட்டாமல், மேஜையில் வைத்து மண்ணெண்ணெயில் ஓட்டிப் பாருங்கள். நிமிடத்துக்குச் சுமார் அரை லிட்டர் வந்தால் மாட்டலாம்.