திருக்கைத் தொட்டியில் நைட்ரேட் இறங்கிய விதம்

காரைக்குடியில் எங்கள் வீட்டில் மோட்டோரோ என்ற நன்னீர்த் திருக்கை மீன் ஒன்றைத் தொட்டியில் வளர்க்கிறேன். போன ஐப்பசியில் அதன் உடல் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டது; இறாலை வாயருகே நீட்டியும் தொடவில்லை. பதறிப்போய் தொட்டித் தண்ணீரைச் சோதித்தேன்; மீன் கழிவிலிருந்து சேரும், கூடினால் மீனுக்குக் கெடுதலான நைட்ரேட் 80 பிபிஎம் (லிட்டருக்கு 80 மில்லிகிராம்). வாரம் இருமுறை பாதித் தண்ணீர் மாற்றியும் 50-க்குக் கீழே இறங்கவில்லை.

அப்புறம்தான் போர் தண்ணீரையே சோதித்தேன். அதிலேயே 40! பிறகு எத்தனை முறை மாற்றி என்ன?

முதல் மழையை விட்டுவிட்டு, வளவு (வீட்டு முற்றம்) ஓட்டிலிருந்து வழிந்த மழைநீரை டிரம்மில் பிடித்தேன். மழைநீரில் தாது உப்பு கிடையாது, தனியாக ஊற்றினால் பிஎச் சரியும், அதாவது தண்ணீர் அமிலமாகும். அதனால் போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து, தொட்டிச் சூட்டுக்குக் கொண்டுவந்து, மெதுவாக விட்டேன். மூன்று வாரத்தில் 30. ஓரம் விரிந்து, மணலில் புதைந்து இறால் தேடியது. மழை நின்றபின் ஆர்ஓ தண்ணீர் கலக்கிறேன்.