வளரும் சந்தைப் பங்குகளில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

டாலர் சற்றுத் தளர்ந்தாலே போதும், சீனா, இந்தியா, துருக்கி போன்ற வளர்ந்துவரும் நாடுகளின் பங்குகளுக்கு, அதாவது வளரும் சந்தைப் பங்குகளுக்கு, நேரம் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு யாராவது புதியவர் வந்துவிடுவார். கையில் நாடுவாரியான வளர்ச்சி விகித அட்டவணை இருக்கும். கடன் வாங்கி முதலீடு செய்யாதே, எல்லாவற்றையும் ஒரே பங்கில் போடாதே என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த அட்டவணையைப் பற்றித்தான் யாரும் அவரை எச்சரித்திருக்க மாட்டார்கள்.

நாடு வளர்ந்தால் பங்கும் வளரும் என்று நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். ஷாங்காய் கூட்டுக் குறியீடு 2007 அக்டோபரில் 6,124 புள்ளிகளைத் தொட்டது. அதன்பின் சீனப் பொருளாதாரம் டாலர் கணக்கில் நான்கு மடங்குக்கும் மேல் பெருத்தது. குறியீடோ 2024 முடிவில் 3,400-க்கும் கீழே கிடந்தது. அதே 2007இல் சீன அரசின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோசைனா 16.70 யுவானுக்குப் பங்கு வெளியிட்டது. நவம்பரில் ஷாங்காயில் முதல் நாள் வர்த்தகம் 43.96 யுவானில் முடிந்தது. உலகின் முதல் லட்சம் கோடி டாலர் நிறுவனம் என்று கொண்டாடினார்கள். அந்த விலையை அந்தப் பங்கு மறுபடி எட்டவேயில்லை.

வளர்ச்சியில் ஒரு பகுதி சம்பளமாகப் போகிறது, ஒரு பகுதி வரியாக. இன்னொரு பகுதி சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனங்களுக்கு. மிஞ்சுவதிலும் சிக்கல் உண்டு. விரிவாக்கத்துக்குப் பணம் வேண்டுமென்று நிறுவனங்கள் புதுப் பங்குகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். லாபம் இரட்டிப்பாகும்போது பங்குகளின் எண்ணிக்கையும் இரட்டித்தால், உங்கள் பங்குக்கு உரிய லாபம் பழைய அளவிலேயே நிற்கும். அரசு பெரும்பங்கு வைத்திருக்கும் நிறுவனம் என்றால், சிறு பங்குதாரரின் நலன் வரிசையில் கடைசி.

எனவே பத்து ஆண்டுகளில் ஒரு பங்குக்கான லாபம் எவ்வளவு கூடியது, அதற்கு இன்று என்ன விலை கேட்கிறார்கள் என்று பாருங்கள் என்பேன். "அங்கே இளைஞர்கள் எத்தனை கோடிப் பேர் தெரியுமா?" என்று பதில் வரும். தெரியும். அவர்களில் யாரும் உங்களுக்கு டிவிடெண்ட் தரப்போவதில்லை.

உள்ளூர் நாணயத்தில் லாபக் கணக்கு போடுவது

இஸ்தான்புல் பங்குச் சந்தையின் பிஸ்ட் 100 குறியீடு 2021இல் துருக்கி நாணயமான லிராவில் சுமார் 26 சதவீதம் ஏறியது. அதே ஆண்டு லிரா டாலருக்கு எதிராக 40 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. டாலரோடு உள்ளே போனவருக்கு நஷ்டம். அதுவும் சிறிய நஷ்டமல்ல.

ஃபண்டின் பெயரை மட்டும் படிப்பது

பல ஃபண்டுகள் பின்பற்றுவது, எம்எஸ்சிஐ என்ற நிறுவனம் தொகுக்கும் வளரும் சந்தைக் குறியீட்டை. அதில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் உண்டு. ஆனால் எடையில் பெரும்பகுதி சீனா, தைவான், இந்தியா, தென் கொரியாவுக்கே. சிப் தயாரிக்கும் தைவானின் டிஎஸ்எம்சி என்ற ஒரே நிறுவனத்தின் எடை சிலி, பெரு, எகிப்து மூன்றையும் சேர்த்தாலும் மிஞ்சிவிடும். பல நாடுகளில் பணத்தைப் பரப்பிவிட்டதாக நினைப்பவர் வாங்கியதில் கணிசமான பகுதி சிப் தொழிலின் ஏற்ற இறக்கமாகவே இருக்கலாம்.

விற்க முடியுமா என்று யோசிக்காதது

ரஷ்யா, 2022 மார்ச். உக்ரைன் போர் தொடங்கியதும் வெளிநாட்டினரால் ரஷ்யப் பங்குகளை விற்க முடியாமல் போனது. குறியீட்டிலிருந்து நீக்கும்போது எம்எஸ்சிஐ அந்தப் பங்குகளுக்கு வைத்த விலை ஏறத்தாழ பூஜ்யம். ஒரு நாட்டில் அதிகபட்சம் எவ்வளவு பணம் போடுவீர்கள் என்பதை வாங்குவதற்கு முன்பே எழுதி வையுங்கள்.