முதல் பிக் உங்களுக்கு விழுந்திருக்கிறதா? ஃபேன்டஸி ஃபுட்பாலில் ரன்னிங் பேக்கை எடுப்பது எப்படி

ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்க அலுவலக நண்பர் சாட்டில் கேட்பார்: "எங்க லீக்ல ஒரு இடம் காலியா இருக்கு, வர்றீங்களா?" சரி என்று சொல்லிவிடுவீர்கள். இரண்டு நாள் கழித்து டிராஃப்ட் வரிசை வரும், அதாவது ஆட்டக்காரர்களை யார் எத்தனையாவதாகத் தேர்ந்தெடுப்பது என்கிற வரிசை. உங்கள் பெயருக்கு நேரே 1, முதல் பிக். குழுவில் எல்லாரும் கைதட்டல் படம் போடுவார்கள். உங்களுக்கோ வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் அமெரிக்க ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.லில் நாலு பேர் பெயர்கூட உருப்படியாகத் தெரியாது.

எனக்கு அப்படித்தான் தொடங்கியது. சென்னையில் காலை ஆறு மணிக்கு, பல் துலக்காமல், லேப்டாப் முன்னால். அன்று நான் செய்த தப்பைக் கீழே சொல்கிறேன். அதற்குமுன் அடிப்படை: நிஜ ஆட்டக்காரர்களை வைத்து நீங்கள் ஒரு கற்பனை டீம் அமைக்கிறீர்கள், நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்வது உங்களுக்குப் புள்ளியாகிறது, வாராவாரம் லீகில் ஒருவரோடு மோதுகிறீர்கள்.

ட்ரீம் லெவன் பழக்கத்தில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே கோலியை எத்தனை லட்சம் பேர் வேண்டுமானாலும் எடுக்கலாம். இங்கே பன்னிரண்டு பேர் ஆடும் ஒரு லீகில் ஓர் ஆட்டக்காரர் ஒருவருக்குத்தான். நீங்கள் எடுத்துவிட்டால் மற்ற பதினொரு பேருக்கும் அவர் கிடையாது. ஐ.பி.எல். ஏலத்தில் பணத்தை எடுத்துவிட்டு, முறைவைத்துக் கூப்பிட்டால் எப்படியோ அப்படி. ரன்னிங் பேக் என்பவர் குவார்ட்டர்பேக்கின் (தாக்குதலை நடத்தி பந்தை வீசுகிறவர்) கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறவர். சில சமயம் வெளியே ஓடிப்போய் பந்தைப் பிடிக்கவும் செய்வார். இந்தக் கடைசி வேலையை மறந்துவிடாதீர்கள், பாதி வம்பு அதில்தான் இருக்கிறது.

படி 1: முதலில் லீகின் புள்ளிக்கணக்கைத் திறந்து பாருங்கள்

பத்து யார்டு ஓடினால் 1 புள்ளி, பந்தைப் பிடித்து முன்னேறினாலும் பத்து யார்டுக்கு 1, எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோகும் டச் டவுனுக்கு 6. இதுவரை பெரும்பாலான லீகுகளில் ஒன்றுதான். பிடித்த ஒவ்வொரு பந்துக்கும் தனியாகப் புள்ளி உண்டா என்பதில்தான் வித்தியாசம். கேட்சுக்கு ஒன்றும் இல்லையென்றால் ஸ்டாண்டர்டு, அரைப் புள்ளி என்றால் ஹாஃப் பி.பி.ஆர்., முழுப் புள்ளி என்றால் பி.பி.ஆர்.

என் முதல் வருஷத்தில் இதைப் பார்க்காமலே உட்கார்ந்தேன். முழு பி.பி.ஆர். லீகில், பந்தைப் பிடிக்கவே கூப்பிடப்படாத ஒருவரை முதல் சுற்றில் எடுத்துவைத்தேன். அவர் நன்றாகத்தான் ஓடினார். ஆனால் வாராவாரம் எதிரில் இருப்பவரின் ஆள், சும்மா நாலடி தள்ளி வீசுகிற பந்தை ஆறு தடவை பிடித்து, என் ஆளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இரண்டு பேர், இரண்டு பேருமே அந்தந்த சீசனில் 16 ஆட்டம் ஆடியவர்கள்.

டெரிக் ஹென்றி, டென்னசி டைட்டன்ஸ், 2020: ஓடியது 2027 யார்டு, பிடித்து எடுத்தது 114 யார்டு, டச் டவுன் 17, கேட்ச் 19.

கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, சான் ஃபிரான்சிஸ்கோ, 2023: ஓடியது 1459, பிடித்து எடுத்தது 564, டச் டவுன் 21, கேட்ச் 67.

பந்தைத் தவறவிட்டதற்கான கழிவையெல்லாம் விட்டுவிடுவோம். ஸ்டாண்டர்டில் ஹென்றிக்கு 214.1 கூட்டல் 102, ஆக 316.1. மெக்காஃப்ரிக்கு 202.3 கூட்டல் 126, ஆக 328.3. பதினாறு வாரத்துக்குப் பன்னிரண்டு புள்ளிதான் வித்தியாசம், வாரத்துக்கு ஒரு புள்ளிகூடத் தேறாது. அதையே முழு பி.பி.ஆரில் போட்டால் ஹென்றி 335.1, மெக்காஃப்ரி 395.3. அறுபது புள்ளி! வாரத்துக்கு ஏறக்குறைய நாலு. இரண்டாயிரம் யார்டு ஓடுவது என்.எஃப்.எல். வரலாற்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் செய்த காரியம். அதைச் செய்தவரையே 48 கேட்ச் இவ்வளவு பின்னால் தள்ளிவிடுகிறது.

அதனால் செய்தியில் "லீகிலேயே அதிகம் ஓடியவர்" என்று படித்ததை வைத்து முடிவு எடுக்காதீர்கள். உங்கள் லீகின் விதியில் அவர் எத்தனையாவது ஆள் என்று பாருங்கள்.

படி 2: அடுத்த முறை எப்போது வரும்?

பெரும்பாலான லீகுகள் பாம்பு வரிசையில் டிராஃப்ட் நடத்துகின்றன. முதல் சுற்று 1 முதல் 12 வரை, இரண்டாம் சுற்று 12-ஆம் ஆளிலிருந்து திரும்பி வரும். அதாவது முதல் பிக் எடுத்த நீங்கள் அடுத்து 24-ஆவது, உடனே 25-ஆவது. நடுவில் 22 பேர் போய்விடுவார்கள். டீ போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

ஒவ்வொருவரும் வாரத்துக்கு இரண்டு ரன்னிங் பேக்கைக் களமிறக்க வேண்டும் என்றால் பன்னிரண்டு பேருக்கு 24 ஆள் தேவை. ஃபிளெக்ஸ் இடத்துக்கும் (ரன்னிங் பேக் உட்பட சில வகை ஆட்களில் யாரையும் போடக்கூடிய இடம்) பலர் ரன்னிங் பேக்கைத்தான் தேடுவார்கள். என்.எஃப்.எல்.லில் இருப்பதோ 32 டீம். அதிலும் பல டீம்களில் இரண்டு பேர் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். முழு வேலையும் ஒரே ஆளுக்கு என்கிற டீம்கள் குறைவு, அந்த ஆட்கள் உங்கள் 24-ஆவது முறைக்குள் காணாமல் போய்விடுவார்கள். வீசுகிற பந்தைப் பிடிப்பதற்கென்றே ஓடுகிற வைட் ரிசீவர் அப்படியில்லை. ஒரே நேரத்தில் ஒரு டீமில் மூன்று பேர் களத்தில் நிற்பது சகஜம். 24, 25-இல் இரண்டு நல்ல ரிசீவர் கிடைத்துவிடும்.

முதல் பிக்கில் ரன்னிங் பேக் என்று பழைய ஆட்கள் பிடிவாதம் பிடிப்பதன் காரணம் இந்தத் தட்டுப்பாடுதான்.

படி 3: போன வருஷப் புள்ளியை மூடிவைத்துவிட்டு, வேலையை எண்ணுங்கள்

டச் டவுன் ஒரு வருஷம் கொட்டும், மறு வருஷம் காய்ந்துவிடும். பந்து எத்தனை தடவை கையில் கொடுக்கப்படுகிறது என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது. கோச் ஒருவரை நம்புகிறார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஓடிய தடவையையும் கேட்சையும் கூட்டி, ஆடிய ஆட்டத்தால் வகுத்துப் பாருங்கள்.

ஹென்றி 2020-இல் 378 ஓட்டம், 19 கேட்ச்: ஆட்டத்துக்கு ஏறக்குறைய 25. மெக்காஃப்ரி 2023-இல் 272, 67: ஆட்டத்துக்கு 21. சாக்வான் பார்க்லி, பிலடெல்பியா, 2024-இல் 345, 33: பதினாறு ஆட்டத்தில் ஆட்டத்துக்கு 23-க்கு மேல். மூவருமே இருபதைத் தாண்டுகிறார்கள். என் கணக்கில் முதல் பிக்குக்கு நுழைவுச்சீட்டே இந்த இருபதுதான். பதினைந்து தடவை தொட்டு, நடுநடுவே ஒரு எழுபது யார்டு ஓட்டம் காட்டி, யூடியூபில் கலக்குகிற ஆளை இரண்டாம் சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் பந்து யார் கைக்குப் போகிறது? இதைப் புதியவர்கள் யாரும் பார்ப்பதில்லை. 2024-இல் பார்க்லி 2005 யார்டு ஓடினார், எரிக் டிக்கர்சன் 1984-இல் வைத்த 2105 யார்டு சாதனைக்கு நூறு யார்டு பக்கம் வரை போய்விட்டார். ஆனால் ஓடி அடித்த டச் டவுன் 13 மட்டும். அதே டீமின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் ஓடி அடித்தது 14. காரணம், கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் ஹர்ட்ஸ் பந்தோடு குனிவார், பின்னாலிருப்பவர்கள் அவரைப் பிடித்து உள்ளே தள்ளுவார்கள். பார்க்லி அறுபது யார்டு ஓடி இலை போட்டு வைப்பார், ஹர்ட்ஸ் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவார். உங்கள் ஆளின் டீமில் இப்படி ஒரு குவார்ட்டர்பேக் இருந்தால் மனதுக்குள் சில டச் டவுன்களைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சியில் மூன்றாவது, பெரும்பாலும் பந்தை வீசுவார்கள்) அவர் களத்தில் இருக்கிறாரா, வெளியே உட்காருகிறாரா என்றும் பாருங்கள். வெளியே உட்காருகிறவருக்குக் கேட்ச் அதிகம் வராது.

படி 4: உடம்பு, வயது, சம்பளச் சண்டை

இந்த வேலை உடம்பை உடைக்கிற வேலை. 2020-இல் பெரும்பாலான லீகுகளில் மெக்காஃப்ரிதான் முதல் பிக். அந்த வருஷம் ஆடியது 3 ஆட்டம். 2024-இலும் அவரே முதல் பிக், ஆடியது 4. நடுவில் 2023-இல் மேலே கணக்குப் போட்ட அந்த அற்புத சீசன். ஜோனத்தன் டெய்லர் 2021-இல் 1811 யார்டு ஓடினார், 2022-இல் எல்லாரும் அவரை முதலில் எடுத்தார்கள், 11 ஆட்டத்தில் 861 யார்டோடு நின்றது. டேவிட் ஜான்சன் 2017-இன் முதல் ஆட்டத்திலேயே மணிக்கட்டு விலகி சீசனை முடித்துக்கொண்டார்.

யாருக்கு அடிபடும் என்று ஜோசியம் பார்க்க முடியாது, அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இப்போதே அடிபட்டிருக்கிறாரா என்பது தெரிகிற விஷயம். ஆகஸ்ட் பயிற்சி முகாமில் இரண்டு மூன்று வாரமாகக் கெண்டைக்கால் வலி என்று ஓரமாக நிற்கிறவரை, "சீசனுக்குள் சரியாகிவிடும்" என்று கோச் சொன்னாலும், நான் முதல் பிக்கில் தொடமாட்டேன். கோச் அப்படித்தான் சொல்வார்.

வயது 28-ஐத் தாண்டினால் எச்சரிக்கை என்பது பொது விதி. ஹென்றி 30 வயதில், 2024-இல், பால்டிமோருக்குப் போய் 1921 யார்டு ஓடி அந்த விதியைக் காலில் போட்டு மிதித்தார். அவர் ஒரு தனிப்பிறவி, அவரை வைத்து மற்றவர்களை அளக்காதீர்கள்.

ஒப்பந்தத் தகராறு இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. 2018-இல் பிட்ஸ்பர்க்கின் லெவியான் பெல் பல லீகுகளில் முதல் சுற்றிலேயே போனார். அந்த சீசனில் ஓர் ஆட்டம்கூட ஆட வரவில்லை.

படி 5: ரன்னிங் பேக்தான் என்று கட்டாயமா?

இல்லை. 2021-இல் கூப்பர் கப் 145 கேட்ச், 1947 யார்டு. 2024-இல் ஜமார் சேஸ் 127 கேட்ச், 17 டச் டவுன். இப்படிப்பட்ட ரிசீவர் இருக்கும் வருஷத்தில், முழு பி.பி.ஆர். லீகில், வாரத்துக்கு மூன்று ரிசீவரைக் களமிறக்க வேண்டும் என்றால், நானே ரிசீவரைத்தான் எடுப்பேன். இருபது தடவை கணக்கில் தேறி, பந்தும் பிடித்து, உடம்பும் நன்றாக இருக்கிற ரன்னிங் பேக் ஒருவர் இருந்தால் மட்டும் மறுபேச்சில்லாமல் அவர். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் யோசியுங்கள்.

குவார்ட்டர்பேக்கை மட்டும் முதலில் எடுக்காதீர்கள். ஒரு டீமுக்கு ஒருவர்தான் தேவை, பத்தாவது நல்ல குவார்ட்டர்பேக்கே சமாளித்துவிடுவார். இந்த ஆசை இந்த விளையாட்டுடனேயே பிறந்தது, பாருங்கள். 1963-இல் ஓக்லண்டில் எட்டு டீம்களோடு நடந்த முதல் ஃபேன்டஸி டிராஃப்டில் முதலில் போனவர் ஹூஸ்டனின் ஜார்ஜ் பிளாண்டா, குவார்ட்டர்பேக்கும் கிக்கரும். ஜிம் பிரவுன் என்கிற ரன்னிங் பேக் அப்போது எடுக்கப்படாமல் இருந்தார். அந்த சீசனில் பிரவுன் 1863 யார்டு ஓடி என்.எஃப்.எல். சாதனை படைத்தார்.

படி 6: டிராஃப்ட் நேரம்

மாக் டிராஃப்ட் என்று முகம் தெரியாதவர்களோடு ஒத்திகை பார்க்கும் வசதி பெரும்பாலான தளங்களில் இலவசம். முதல் பிக் நிலையில் இரண்டு தடவை ஆடிப்பாருங்கள், 24-இல் யார் மிஞ்சுவார்கள் என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு எட்டரை என்றால் நமக்கு மறுநாள் காலை ஆறு. தேதியைச் சரிபாருங்கள். நீங்கள் வராவிட்டால் இயந்திரமே பட்டியலில் முதலில் இருப்பவரை எடுத்துவைத்துவிடும். ஒரு தாளில் இரண்டு பெயர் எழுதிவையுங்கள்: எடுக்கப்போகிறவர், அன்று காலையில் அவருக்குக் கால் பிசகியது என்று செய்தி வந்தால் எடுக்கப்போகிறவர். உங்கள் முறைதான் முதலில், கடிகாரம் ஓடத் தொடங்கியதும் தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது.

படி 7: எடுத்த பிறகு

கடைசிச் சுற்றுகளில் உங்கள் ரன்னிங் பேக்கின் மாற்று ஆளை எடுத்து பெஞ்சில் வையுங்கள். இவரை ஹேண்ட்கஃப் என்பார்கள், கைவிலங்கு. முதல் ஆள் விழுந்தால் அந்த இருபது தடவையில் பெரும்பங்கு இவருக்கு வரும்.

2024-இன் முதல் வாரம் இதற்குப் பாடமே நடத்தியது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் திங்கள் இரவு ஆட்டம், நமக்குச் செவ்வாய் அதிகாலை. மெக்காஃப்ரி ஆடமாட்டார் என்பது ஆட்டத்துக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் முன்புதான் உறுதியானது. அவருக்குப் பதில் இறங்கிய ஜோர்டன் மேசன் 28 தடவை ஓடி, 147 யார்டும் ஒரு டச் டவுனும் எடுத்தார். மேசனைப் பெஞ்சில் வைத்திருந்து, நாலேகாலுக்கு எழுந்து செயலியைத் திறந்தவர்களுக்கு வாரம் தப்பித்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தொண்ணூறு நிமிஷம் முன்னால் ஆடாதவர்கள் பட்டியல் வெளிவரும். ஞாயிறு ஆட்டங்கள் நம் நேரத்துக்கு இரவு பத்தரைக்குத் தொடங்கும், நவம்பரில் பதினொன்றரை. அலாரத்தை ஒன்பதுக்கு வைத்துக்கொள்ளுங்கள், நவம்பரில் பத்துக்கு.