கார்டு மாறும்போது தடுமாறிய சோலோ

ஆல்டோ சாக்ஸபோனில் ஸ்கேல் (ஸ்வர வரிசை) எல்லாம் எனக்குச் சரளமாக வரும். கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) மாறியதும்தான், நானே கற்பனையாக வாசிக்கும் சோலோ தனி வழியில் போய்விடும். வேகமாக வாசித்துச் சமாளித்தால் இன்னும் மோசம்.

கைகொடுத்தவை, கார்டின் அடி ஸ்வரத்திலிருந்து எண்ணினால் வரும் மூன்றாம், ஏழாம் ஸ்வரங்கள். ஏ மைனர் 7, டி 7, ஜி மேஜர் 7 என்ற கார்டு வரிசையை எடுத்துக்கொண்டேன். முதல் கார்டின் ஏழாவது ஜி. அரைப் படி, அதாவது மிக அருகிலுள்ள ஸ்வரத்துக்கு, இறங்கினால் எஃப் ஷார்ப், அதுவே டி 7-இன் மூன்றாவது. டி 7-இன் ஏழாவதான சி அதேபோல் பி-க்கு இறங்கும், அது ஜி-யின் மூன்றாவது. இந்த இறக்கங்களை மட்டும் நீளமாக ஊதினேன். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் இரண்டாம், நான்காம் அடிகளில் மட்டும் (முதலில் தலை சுற்றும்). அப்புறம் அந்த ஸ்வரங்களுக்கு முன்னால் ஒன்றிரண்டு சேர்த்தேன், வாயால் பாடிப் பார்த்த பிறகே. இப்போது பின்னணி டிராக் இல்லாமல் வாசித்தாலும் கார்டு மாறுவது காதில் விழுகிறது.